இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்

மாலை ஆறரை இருக்கும். பெரியம்மா விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, படித்துவிட்டார். போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, ஆகவே இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அலுவலரை அழைக்கவும் என்று சொல்லி, கீழே பத்து இலக்க செல்போன் எண் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். உள்ளறையில் பெரியப்பா ஆக்சிஜன் கருவியின் துணையில் படுத்திருந்தார். கரண்ட் போனால் அந்தக் கருவி நின்றுவிடும். பெரியம்மா அந்த எண்ணை அழைத்தார்.

மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினாராம். “நீங்க பணம் கட்டிட்டீங்கம்மா, எங்க சிஸ்டத்துல ஏறலை, அவ்வளவுதான். பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, அப்டேட் ஆயிடும். ஒரு ஆப் பேரு சொல்றேன், இறக்குங்க. நானே கூட இருந்து முடிச்சுத் தர்றேன்.” அடுத்த இருபது நிமிடத்தில் பெரியம்மாவின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து மூன்று தடவையாக 84,000 ரூபாய் போயிற்று. அவர் எங்களிடம் சொன்னது மறுநாள் மதியம். இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். படித்தவள், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் இப்படி ஏமாந்தாளே என்று சொல்வார்களே என்ற கூச்சம்.

பணம் போனதைவிட அந்தப் பதினெட்டு மணி நேர மௌனம்தான் இன்றும் எனக்கு வலிக்கிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் மோசடியை அடையாளம் காண்பது எப்படி என்பதோடு, ஏமாந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தச் செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

அதே குறுஞ்செய்தி 2022இல் நாடு முழுக்கச் சுற்றியது. மாநிலம் மாறினாலும் வார்த்தை மாறவில்லை. அதன் ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் மாதாமாதம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பாளர் வந்து மீட்டரைப் பார்க்கிறார், அட்டையில் குறிக்கிறார், அதன்பின் கட்டுவதற்கு நாள் தருகிறார்கள். ‘போன மாத பில்’ என்று எழுதியவருக்கு நம் ஊர் நடைமுறை தெரியாது. இன்னொன்று, எந்த லைன்மேனும் இரவு ஒன்பதரைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு பியூஸ் பிடுங்க வரமாட்டார்.

நிதானமாக உட்கார்ந்து படித்தால் இவை எல்லாம் யாருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும், அவரே மாதம் தவறாமல் அந்த அட்டையை எடுத்துப் பார்க்கிறவர். ஆனால் அந்தச் செய்தி நிதானத்தை முதலில் பறித்துக்கொண்டது. மூன்று மணி நேரக் கெடு வைத்தது அதற்குத்தான். மின்வாரிய அலுவலகம் மூடியபிறகு அனுப்பியதும் அதற்குத்தான்.

எழுத்துப்பிழை இருந்தால் மோசடி என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அதை இனிமேல் நம்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் பிழையில்லாத தமிழில் வங்கிக் கடிதமே எழுதிக் கொடுக்கிறது. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள், சரி. பிழை இல்லை என்பதால் நம்பிவிடாதீர்கள்.

நான் பரிந்துரைக்கும் சோதனை வேறு. செய்தி என்ன சொல்கிறது என்பதை விட்டுவிடுங்கள். அது உங்களை எந்த வழியில் வரச் சொல்கிறது என்று பாருங்கள். இந்த எண்ணை அழை, இந்த லிங்க்கைத் தொடு, இந்த ஆப்பை இறக்கு, இந்த வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பு என்று வழியையும் அதே செய்தி கொடுக்கிறதா? அப்படியானால் அந்த வழியில் போகாதீர்கள். சொல்லப்பட்ட விஷயம் உண்மையாகவே இருக்கலாம், அதை நீங்கள் ஏற்கெனவே அறிந்த வழியில் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் என்றால் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணை வைத்து மின்வாரியத் தளத்தில் பார்க்கலாம், அல்லது மின்னகம் சேவை மையத்தை 94987 94987இல் கேட்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். வங்கி என்றால் ஏடிஎம் கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் அச்சிட்ட எண். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணை அழைப்பதும் ஆபத்தே. அந்த இடத்தில் தங்கள் எண் வருமாறு செய்து வைத்துக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

அனுப்பியவர் பெயரையும் லிங்க்கையும் படிப்பது

வங்கிகளும் அரசுத் துறைகளும் அனுப்பும் குறுஞ்செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. பதிவு செய்யப்பட்ட ஒரு சுருக்கப் பெயரில் வரும். 2025இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்த மாற்றத்துக்குப் பிறகு அந்தப் பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்டு ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறது. ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பணப் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசு. கணக்கு முடக்கப்படும் என்று சொல்லும் செய்தி சாதாரண செல்போன் எண்ணிலிருந்து வந்தால் அங்கேயே அழித்துவிடலாம். அழைப்புகளுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. வங்கிகள் சேவை தொடர்பாக 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் மட்டுமே அழைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. இவை சல்லடைகள். பெரிய கற்களைப் பிடிக்கும், பொடிக்கல் தப்பி விழும். பெயர் சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே கேட்பதைக் கொடுத்துவிடக் கூடாது.

லிங்க்கைப் படிக்கத் தெரிந்துகொள்வது இன்னும் பயன் தரும். தமிழர்கள் பெயர் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து எத்தனை வேண்டுமானாலும் முன்னால் வரலாம், ஆளின் சொந்தப் பெயர் கடைசியில்தான். இணைய முகவரியும் அப்படியே. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அந்தக் கோட்டை ஒட்டி இடப்பக்கம் இருப்பதுதான் முகவரியின் உண்மையான சொந்தக்காரர். ‘இந்தியாபோஸ்ட்’ என்று முகவரி தொடங்கி, நடுவில் புள்ளி வைத்து, ‘பார்சல்ட்ராக் டாட் டாப்’ என்று முடிந்தால், அது பார்சல்ட்ராக் என்று யாரோ வைத்திருக்கும் தளம். தபால் துறை வெறும் தலைப்பெழுத்தாக முன்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடியும். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுகிறது, வேறு யாரும் விலைக்கு வாங்க முடியாது. சுருக்கப்பட்ட லிங்க் வந்தால் படிக்கவே வழியில்லை, தொடாமல் விட்டுவிடுங்கள்.

முகவரி சரியில்லாததால் உங்கள் பார்சலைச் சேர்க்க முடியவில்லை, 12 மணி நேரத்துக்குள் திருத்துங்கள் என்று தபால் துறை பெயரில் வரும் செய்தி இந்த வகைதான். ஆன்லைனில் ஏதாவது வாங்கிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இன்று வீட்டுக்கு ஒருவர் உண்டு. குத்துமதிப்பாக எறிந்தாலே யார் மேலாவது படும்.

காக்கிச் சட்டையில் வரும் வீடியோ அழைப்பு

மின்கட்டணச் செய்தியில் பயம் மூன்று மணி நேரம். டிஜிட்டல் கைது என்கிற மோசடியில் பயம் மூன்று நாள், பத்து நாள், சிலருக்கு மாதக்கணக்கு. முதலில் ஒரு பதிவுக் குரல் வரும்: உங்கள் சிம் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்துங்கள். அல்லது ஒரு கூரியர்காரர் பேசுவார்: உங்கள் ஆதாரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்தது. அங்கிருந்து மும்பை போலீஸ், அங்கிருந்து சிபிஐ என்று கைமாற்றுவார்கள். வீடியோவில் சீருடை, பின்னால் தேசியக் கொடி, மேசையில் கோப்புகள். உங்கள் பெயர் போட்ட கைது ஆணை வாட்ஸ்அப்பில் வந்து விழும். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் கைதாவார்கள். கடைசியில், உங்கள் பணம் நேர்மையானதுதானா என்று சரிபார்க்க வேண்டும், அதை ஓர் ‘அரசுக் கணக்குக்கு’ மாற்றுங்கள், சரிபார்த்ததும் திரும்ப வந்துவிடும் என்பார்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் என்று படித்தவர்கள் பலர் இதில் சேமிப்பு முழுவதையும் இழந்திருக்கிறார்கள். சட்டத்தை மதித்தே வாழ்ந்தவர்களுக்குப் போலீஸ் என்ற சொல்லே நடுக்கம் தருகிறது. அந்த நல்ல குணத்தைத்தான் இவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். பிரதமர் 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரில், உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. இந்தியாவில் வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறை எதுவும் கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. எந்த நீதிமன்றமும் எந்தக் காவல் நிலையமும் உங்கள் பணத்தைச் ‘சரிபார்க்க’ வாங்கிவைப்பதில்லை.

சட்டம் தெரிந்தாலும் அந்த நேரத்தில் கை நடுங்கும். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் போனைத் துண்டித்துவிட்டு யாரிடமாவது சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போதும், தெருமுனை மளிகைக்கடைக்காரர் போதும். இன்னொரு மனிதரின் குரல் கேட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். நீங்கள் மளிகைக்கடைக்காரராகவோ வங்கிக் காசாளராகவோ இருந்தால் இன்னும் ஒன்று சொல்வேன். வயதானவர் ஒருவர் காதிலிருந்து போனை எடுக்காமலே வைப்புத்தொகையை முறிக்க வந்தால், “எதுக்குங்க ஐயா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மகன் குரலில், மகள் குரலில், விபத்து ஆகிவிட்டது, உடனே பணம் அனுப்பு என்று அழும் அழைப்புகளும் வரத் தொடங்கிவிட்டன. குரலை நகலெடுப்பது இப்போது எளிது. துண்டித்துவிட்டு அவர்களுடைய வழக்கமான எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். எடுக்கவில்லை என்றால், அந்தக் குரல் மறுபடி அழைக்கும்போது வீட்டாருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள். நம் வீட்டுப் பழைய நாயின் பெயர் என்ன, பாட்டி உன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்பதுபோல ஒன்று.

கல்யாணப் பத்திரிகையாக வரும் கோப்பு

வாட்ஸ்அப்பில் ஒரு திருமண அழைப்பிதழ், அல்லது உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் என்று ஒரு சலான், அல்லது விவசாயி உதவித்தொகைப் பட்டியல். தொட்டால் படம் திறக்காது, ‘நிறுவவா’ என்று கேட்கும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்ற மூன்றெழுத்தில் முடிந்திருக்கும். அது அழைப்பிதழ் இல்லை, ஒரு செயலி. உள்ளே போனதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், வாங்கிக்கொள்ளும், அதன்பின் உங்களுக்கு வரும் ஓடிபி அத்தனையும் வேறு எங்கோ இருக்கும் ஒருவருக்கும் போகும். யாரிடமும் ஓடிபி சொல்லாமலே பணம் போய்விட்டது என்று வருகிற புகார்களில் பல இந்த வகைதான்.

இதில் கொடுமை, அனுப்பியவர் உங்கள் மைத்துனராகவே இருக்கலாம். அவர் போனில் அது புகுந்த பிறகு அவர் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் தானாகவே போகிறது. ஆகவே தெரிந்தவர் அனுப்பினார் என்பது இங்கே உத்தரவாதம் இல்லை. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். செயலியை பிளே ஸ்டோரில் இருந்து, நீங்களாகத் தேடி மட்டும் இறக்குங்கள்.

தவறி நிறுவிவிட்டால் முதல் வேலை, போனை ஏரோபிளேன் மோடில் போடுவது, வைஃபையும் அணைந்ததா என்று பார்ப்பது. பிறகு வேறொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள். நீங்காமல் அடம்பிடித்தால் போனை முழுதாக அழித்துப் புதிதுபோல் ஆக்கித் தரும்படி நம்பகமான ஒருவரிடம் கேளுங்கள். படங்கள் போகும், பரவாயில்லை. கடவுச்சொற்களை மாற்றுவது சுத்தமான வேறு கருவியிலிருந்து நடக்க வேண்டும்.

பெரியம்மாவை இறக்கச் சொன்ன ஆப் இந்த வகையல்ல. அது பிளே ஸ்டோரிலேயே இருக்கும் முறையான செயலி, தொலைவிலிருந்து ஒருவர் உங்கள் திரையைப் பார்க்க உதவுவது. கணினி பழுது பார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். இந்த வகைச் செயலி வழியே பணம் பறிபோகிறது என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. அது ஒன்பது இலக்க எண்ணையோ குறியீட்டையோ காட்டும், அதைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். சொன்னவுடன் நீங்கள் அழுத்துவதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர் சொல்லி எந்தச் செயலியையும் இறக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் வருவதற்கு ரகசிய எண் எதற்கு?

யுபிஐ மோசடிகளை நீட்டி எழுதத் தேவையில்லை. பழைய கட்டிலையோ ஃபிரிட்ஜையோ விற்க விளம்பரம் கொடுத்தால் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பேசுவார், பேரமே பேசமாட்டார், ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் உங்களுக்கு வரும் என்பார். யுபிஐ பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போக நீங்கள் போடும் கையெழுத்து. உள்ளே வருவதற்கு அது வேண்டியதில்லை. தவறுதலாக உங்களுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது கெஞ்சினால், வந்திருக்கும் குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். உண்மையாகவே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம், அவரை அவருடைய வங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டை எச்சரிக்க வேண்டும். ஒன்று, வீடியோவுக்கு லைக் போட்டால், ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுத்தால் பணம் என்று டெலிகிராமில் வரும் வேலை. முதல் நாள் நூற்றைம்பதோ இருநூறோ உண்மையாகவே கொடுப்பார்கள். பின்பு பெரிய ‘டாஸ்க்’ செய்ய முன்பணம் கட்டச் சொல்வார்கள், திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள். மற்றொன்று, உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறோம் என்பது. அந்தக் கணக்கு வழியேதான் என் பெரியம்மா போன்றவர்களின் பணம் ஓடும். கல்லூரி மாணவன் கணக்கை வாடகைக்குக் கொடுத்தான் என்றால், போலீஸ் முதலில் வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். தாய்லாந்தில் கணினி வேலை என்று போய் மியான்மரில் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, 2022இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். மறுமுனையில் பேசுபவர்களில் சிலர் அடிக்குப் பயந்து பேசுகிறவர்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நம் விவரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

“என் பேரு, அப்பா பேரு, ஆதார் கடைசி நாலு எண் எல்லாம் சரியாச் சொன்னாரே” என்பார்கள். அதனால்தான் நம்பினேன் என்பார்கள். அந்த விவரங்களை நாமே வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்திருக்கிறோம். ஜவுளிக்கடைக் குலுக்கல் கூப்பன், பொருட்காட்சியில் கார் பரிசு என்று வைத்த பெட்டி, பில் போடும்போது கேட்கும் செல்போன் எண். எண் கொடுக்காவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. “நம்பர் வேண்டாங்க, பில் மட்டும் போதும்” என்று சொல்லிப் பழகுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது ஜெராக்ஸ் கடை. ஆதாரைப் படமெடுத்துக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுக்கிறோம். நமக்குத் தாள் கிடைத்ததும் நடையைக் கட்டுகிறோம். அந்தப் படம் அவருடைய கணினியின் டவுன்லோடு பெட்டியில், நமக்கு முன்னும் பின்னும் வந்த நூறு பேரின் ஆதாரோடு சேர்ந்து கிடக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் எல்லோரும் அப்படியா? அச்சு முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் அழி’ என்று கொடுத்து, கணினியிலும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னும் நல்லது, முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்வது. லாட்ஜுக்கும் வேறு பல இடங்களுக்கும் அதுவே போதும். காகித நகல் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி கிராமங்களில் உண்டு. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து அந்த வழியில் பணம் எடுத்த வழக்குகள் சில மாநிலங்களில் பதிவாகியுள்ளன. ஆதார் செயலியில் உங்கள் கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்க முடியும். ரேஷன் கடைக்கோ சிம் வாங்கவோ போகும்போது சிறிது நேரம் திறந்துகொள்ளலாம். பூட்டத் தெரியவில்லை என்றால் 1947இல் கேளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரசுத் தளம் 2023இல் வந்தது. உங்களுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவித்து நிறுத்தலாம். மோசடி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் புகார் செய்யும் ‘சக்ஷு’ பகுதியும் அதிலேயே உள்ளது.

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை நீங்களே வையுங்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்தான் எல்லாப் பூட்டுகளுக்கும் தாய்ச்சாவி, மற்ற எதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் குடும்பத்துக்கு உதவியது ஒரு சின்ன ஏற்பாடு. ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை இப்போது யுபிஐயில் இணைப்பதே இல்லை. வேறொரு கணக்கு திறந்து, மாதச் செலவுக்கு ஆறாயிரம் ரூபாயை மட்டும் அதில் போட்டு, அதைத்தான் செல்போனில் இணைத்திருக்கிறோம். கார்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் அணைத்து வைத்திருக்கிறோம். தினமும் கவனமாக இருக்க யாராலும் முடியாது, அசந்த நேரத்தில் போவது ஆறாயிரத்தோடு நிற்கட்டும்.

போய்விட்டது, இப்போது?

1930. எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து நாலைந்தாகப் பிரிந்து, பிறகு ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். 1930இல் பதிவானவுடன் அந்தக் கணக்குகள் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மீதமிருப்பதை அங்கேயே நிறுத்தி வைக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் பணம். எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கிலிருந்து, பரிவர்த்தனை எண் என்ன என்ற நான்கும் கையில் இருக்கட்டும். லைன் கிடைக்கவில்லை என்றால் மத்திய உள்துறையின் சைபர் கிரைம் தளத்தில் பதியலாம். மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு, நேரிலும் போகலாம். உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வங்கிக்கும் உடனே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி. ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சில வாரங்களில் இன்னொருவர் பேசுவார். உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் இவ்வளவு என்பார். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது. நிறுத்தி வைத்த பணம் நீதிமன்ற உத்தரவு போன்ற சட்ட வழியில் திரும்ப வரும், அதற்கு யாருக்கும் கமிஷன் கட்ட வேண்டியதில்லை.

பெரியம்மா பதினெட்டு மணி நேரம் கழித்துச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “ஏன் பெரியம்மா அந்த ஆப்பை இறக்கினீங்க?” அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் அவர் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார், விவரங்களைச் சொல்ல மேலும் அரை மணி நேரம் பிடித்தது. 1930இல் பதிந்தபோது மூன்று தவணையில் கடைசித் தவணை, 19,000 ரூபாய், இன்னும் எடுக்கப்படாமல் ஒரு கணக்கில் கிடந்தது. அதை நிறுத்தி வைத்தார்கள். ஏழு மாதம் கழித்துத் திரும்ப வந்தது.

இப்போது அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. 1930, வங்கியின் எண், மின்னகம், என் எண், பக்கத்து வீட்டு அக்காவின் எண். எல்லாம் அவருடைய கையெழுத்தில், பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி. போன வாரம் இரவு எட்டு மணிக்கு எனக்கு அழைத்தார். “கேஒய்சி முடிஞ்சுதுன்னு ஒரு மெசேஜ் வந்திருக்குடா. படிக்கட்டுமா, கேக்கறியா?”

“படிங்க பெரியம்மா” என்றேன்.